ஊரில் வீடு வாங்கப் பணம் அனுப்புதல்: போகும் வழியும் திரும்பும் வழியும்

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். பதினான்கு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் வேலை செய்கிறீர்கள். மனைவி இங்கேயே பிறந்து வளர்ந்தவர். சென்ற ஆண்டு உங்களுக்கும் குடியுரிமை கிடைத்து, இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டீர்கள். செங்காங்கில் இருவர் பெயரிலும் வாங்கிய புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சாவியைப் பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கையில் 180,000 சிங்கப்பூர் வெள்ளி சேமிப்பு இருக்கிறது. அதைக் கொண்டு திருச்சியில் ஓர் அடுக்குமாடி வீடும், மிச்சம் இருந்தால் அப்பாவின் வயலை ஒட்டி இரண்டு ஏக்கர் நஞ்சையும் வாங்க நினைக்கிறீர்கள். அடுத்த வாரம் உங்கள் அண்ணன் வீட்டுக்கு முன்பணம் கொடுக்கப் போகிறார். இதற்கிடையில், இங்கே தேக்காவில் தெரிந்தவர் ஒருவர் உண்டியலில், அதாவது வங்கியைத் தொடாமல் கைமாற்றாக அனுப்பும் வழியில், போட்டால் வெள்ளிக்கு நல்ல விலை கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார். சட்டப்படி எவ்வளவு அனுப்பலாம், வரம்பு உண்டா என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசி வரியில், "நாளைக்குப் பிள்ளைகளின் படிப்புக்கு விற்க வேண்டி வந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் பிரிவில் 21 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். வழக்கறிஞர் அல்ல, பட்டயக் கணக்காளரும் அல்ல. ஆகவே பணம் எப்படிப் போகும், எந்தத் தாள் இல்லாமல் எங்கே நின்றுபோகும் என்பதை உறுதியாகச் சொல்வேன். வரி விவரங்களைப் பொதுவாகத்தான் சொல்ல முடியும். பத்திரத்தின் நல்லது கெட்டதை அந்த ஊர் வழக்கறிஞர் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும்.

முதலில் வரம்பு. சிங்கப்பூர் 1978ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதியோடு அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகளை முழுவதுமாக நீக்கிவிட்டது. உங்கள் சொந்தப் பணத்தை எவ்வளவு வேண்டுமானாலும் வெளியே அனுப்பலாம். யாருடைய அனுமதியும் தேவையில்லை. இந்தியப் பக்கத்திலும், வெளியிலிருந்து வங்கி வழியாக வரும் பணத்துக்கு உச்சவரம்பு இல்லை. பெரிய தொகை என்றால் இங்குள்ள வங்கி, இந்தப் பணம் எப்படி வந்தது என்று கேட்கும். சம்பளச் சீட்டு, வருமான வரி மதிப்பீட்டு அறிக்கை, வைப்புத்தொகை முதிர்ந்த தாள் என்று எதையாவது காட்டினால் போதும். கேட்கிறார்களே என்று பயந்து தொகையைப் பல துண்டுகளாக உடைத்து அனுப்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால்தான் சந்தேகம் வரும். ரொக்கமாகப் பையில் கொண்டுபோவதும் வேண்டாம். 20,000 வெள்ளிக்கு மேல் எடுத்துச் சென்றால் இங்கே அறிவிக்க வேண்டும். அதைவிட முக்கியம், கையில் கொண்டுபோன வெளிநாட்டு நோட்டைக் கொடுத்து நிலமோ வீடோ வாங்க இந்தியச் சட்டம் உங்களை அனுமதிப்பதே இல்லை. சம்பளத்தில் பிடித்துச் சேரும் மத்திய சேமநிதிப் பணத்தையும் வெளிநாட்டு வீட்டுக்கு எடுக்க முடியாது. உங்கள் கணக்கில் அதைச் சேர்த்திருந்தால் கழித்துவிடுங்கள்.

சிங்கப்பூர் உங்கள் பணத்தைத் தடுக்காது. ஆனால் உங்களைத் தடுக்கும். நீங்கள் கேட்காத விஷயம் இது, இருந்தாலும் சொல்லாமல் விட முடியாது. உங்களுடையதைப் போன்ற புதிய வீவக வீட்டுக்குக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் ஐந்து ஆண்டு. உங்களுக்கு மூன்றுதான் முடிந்திருக்கிறது. அந்தக் காலம் முடியும்வரை நீங்கள் வேறு தனியார் குடியிருப்புச் சொத்து வாங்கக் கூடாது. இந்த விதி சிங்கப்பூரில் உள்ள சொத்துக்கு மட்டுமல்ல, வெளிநாட்டில் உள்ளதற்கும் பொருந்தும். திருச்சி வீடும் அதற்குள் வருகிறது. மனைவியும் வீட்டின் உரிமையாளர் என்பதால் அவர் பெயரில் வாங்குவதும் தீர்வாகாது. ஊரில் வாங்குவது இங்கே யாருக்குத் தெரியப் போகிறது என்று சிலர் சொல்வார்கள். வீடு போய்விடக்கூடிய விஷயத்தில் அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கு உங்கள் நிலைமையை எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிரந்தரவாசிகளுக்கான விதி வேறு, இன்னும் இறுக்கமானது. வீவக வீடு வாங்கிய ஆறு மாதத்துக்குள் வெளிநாட்டில் உள்ள குடியிருப்புச் சொத்தை அவர்கள் விற்றாக வேண்டும். இதைப் படிக்கும் நிரந்தரவாசி யாராவது, உங்களுக்குச் சொன்னது தமக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆக, உங்களுக்கு இரண்டு ஆண்டு இருக்கிறது. அது இழப்பு அல்ல. கீழே சொல்லப்போகிற வேலைகளை அவசரமில்லாமல் முடிக்க அந்த அவகாசம் உதவும்.

இந்தியப் பக்கத்தில் இதை ஆளும் சட்டம் 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமும், அதன் கீழ் 2019இல் வந்த விதிகளும். வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகனும், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தருவது) வைத்திருப்பவரும் அங்கே வீடு, கடை, மனை வாங்கலாம். எண்ணிக்கைக்கும் தொகைக்கும் கட்டுப்பாடு இல்லை. வாங்கக் கூடாதவை மூன்று: விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டப் பயிர் நிலம். நீங்கள் இந்தியாவில் பிறந்தவர் என்பது மட்டும் போதாது. அட்டைக்கு விண்ணப்பித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அட்டை கைக்கு வருவதற்குமுன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் வெறும் வெளிநாட்டவர். மனைவியையும் பத்திரத்தில் சேர்க்க விரும்பினால், அவருக்கு அட்டை இல்லாவிட்டாலும், திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் தொடர்ந்திருந்தால், உங்களோடு கூட்டாக ஒரே ஒரு சொத்தில் அவர் பெயர் வரலாம்.

இப்போது அந்த நஞ்சை. உங்கள் பெயரில் வாங்க முடியாது என்று அண்ணனே சொல்லியிருக்கிறார், சரிதான். ஆனால் "அப்பா பெயரில் வாங்கிப் போட்டுவிடலாம், பணம் நம்முடையதுதானே" என்று அடுத்த வரியில் சொல்கிறாரே, அங்கேதான் கால் வழுக்குகிறது. ஒருவர் பணத்தில் இன்னொருவர் பெயரில் வாங்குவது பினாமி. 1988ஆம் ஆண்டின் பினாமித் தடைச் சட்டம் 2016இல் திருத்தப்பட்டுக் கடுமையாகிவிட்டது. நிலமே பறிபோகலாம். மனைவி பெயரிலும் பிள்ளைகள் பெயரிலும் வாங்க அதில் விலக்கு உண்டு. அப்பா, அம்மா, உடன்பிறந்தோர் பெயரில் என்றால், பத்திரத்தில் உங்கள் பெயரும் கூட்டு உரிமையாளராக இருந்தால்தான் விலக்கு. நஞ்சைப் பத்திரத்தில் உங்கள் பெயர் வர முடியாது. ஒரு சட்டம் உங்கள் பெயர் வேண்டும் என்கிறது, இன்னொன்று கூடாது என்கிறது. இரண்டுக்கும் நடுவே சந்து இல்லை. அப்பாவுக்கு உண்மையாகவே பணத்தை அன்பளிப்பாகக் கொடுக்கலாம், அவர் தமக்காக நிலம் வாங்கலாம். அப்போது அது முழுக்க அவருடையது. உயில் எழுதாமல் அவர் காலமானால் அம்மாவுக்கும் உடன்பிறந்தோருக்கும் உங்களுக்கும் பங்கு உண்டு. அதை மனத்தார ஏற்றுக்கொள்ள முடியும் என்றால் மட்டும் கொடுங்கள். வாரிசாக விவசாய நிலம் உங்களுக்கு வருவதைச் சட்டம் தடுக்கவில்லை, வாங்குவதைத்தான் தடுக்கிறது.

இதோடு சேர்ந்த ஒரு எச்சரிக்கை. மனை என்று விற்கப்படுவதெல்லாம் மனை அல்ல. வயலில் கல் நட்டு, சாலை போட்டு, வண்ணக் கொடி கட்டியிருப்பார்கள். வருவாய்த் துறைப் பதிவேட்டில் அது இன்னும் நஞ்சையாகவே இருக்கும். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா என்று பார்க்காமல் வாங்கினால், பத்திரப் பதிவிலும் சிக்கல், அந்நியச் செலாவணிச் சட்டத்திலும் சிக்கல். அடுக்குமாடி வீடு என்றால், கட்டுமானத் திட்டம் தமிழ்நாடு கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாக வேண்டிய திட்டங்களில், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் கட்டுநர் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், பட்டா இவற்றைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அது வழக்கறிஞரின் வேலை.

உண்டியலுக்கு வருகிறேன். தேக்காவில் கிடைக்கும் அந்த நல்ல விலை எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் இங்கே வெள்ளியைக் கொடுக்கிறீர்கள். மறுநாள் திருச்சியில் ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்து ரூபாய்க் கட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போகிறார். உங்கள் வெள்ளி கடலைத் தாண்டவே இல்லை. அங்கே வந்த ரூபாய் வேறு யாருடையதோ. எந்த வழியில் வந்ததோ தெரியாது. இங்கே உரிமம் இல்லாமல் பணம் அனுப்பும் தொழில் செய்வது 2019ஆம் ஆண்டின் கட்டணச் சேவைச் சட்டப்படி குற்றம். அங்கே, அந்நியச் செலாவணிச் சட்டத்தை மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்குவரை அபராதம் விதிக்கலாம். சொத்து வாங்கும்போது 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை இந்திய வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. அதனால் விற்பவருக்கும் ஆபத்து. அடையாளம் தெரியாத கைகள் வழியாகப் பணம் போனால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைய சான்றும் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து சீனாவுக்கு அனுப்பிய பணம் இடைத்தரகர்கள் வழியாகப் போனதால், அங்கே அதைப் பெற்றுக்கொண்டவர்களின் கணக்குகள் முடக்கப்பட்டன. இத்தனைக்கும் அனுப்பியவர்கள் உரிமம் பெற்ற நிறுவனங்களில்தான் பணம் கட்டியிருந்தார்கள். 2024 ஜனவரி 1 முதல் சீனாவுக்கு அப்படி இடைத்தரகர் வழியாக அனுப்புவதை நிறுத்திவைக்கும்படி சிங்கப்பூர் நாணய ஆணையம் உத்தரவிட வேண்டியதாயிற்று.

அப்படியென்றால் சரியான வழி எது? உங்கள் பெயரில் ஒரு என்ஆர்இ கணக்கு, அதாவது வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வங்கியில் திறக்கும் ரூபாய்க் கணக்கு. ஓசிஐ அட்டை வைத்திருப்பவரும் திறக்கலாம். இந்தக் கணக்கில் வெளிநாட்டிலிருந்து வரும் பணம்தான் சேரும். வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. அசலும் வட்டியும் தடையின்றித் திரும்பும். இந்தியாவில் கிடைக்கும் வாடகை, ஓய்வூதியம், விற்ற பணம் எல்லாம் சேர வேண்டியது என்ஆர்ஓ கணக்கு. ஊரில் படிக்கும் காலத்தில் திறந்த பழைய சேமிப்புக் கணக்கு இன்னும் அப்படியே இருக்கிறதா? நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர் ஆனபோதே அதை என்ஆர்ஓவாக மாற்றியிருக்க வேண்டும். இந்த வாரமே அந்தக் கிளைக்கு எழுதுங்கள். பான் எண்ணில் உள்ள பெயரும் புதிய பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். தந்தை பெயர் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் என்று இருந்து, பணம் நடுவழியில் நின்ற கதைகள் நிறைய.

கணக்குத் திறந்ததும், இங்கே உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலிருந்து அங்கே உங்கள் பெயரில் உள்ள என்ஆர்இ கணக்குக்கு நேரடியாக அனுப்புங்கள். முதலில் ஐந்நூறு வெள்ளி அனுப்பி, போய்ச் சேருகிறதா என்று பார்த்துவிட்டுப் பெரிய தொகையை அனுப்பலாம். அனுப்பும் நோக்கம் என்ற கட்டத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பணம் சேர்ந்த உடனே, வெளிநாட்டிலிருந்து வந்த பணம் என்பதற்கான சான்றை அந்த வங்கியிடம் கேட்டு வாங்குங்கள். பிறகு, விற்பவருக்கு அந்தக் கணக்கிலிருந்தே காசோலையாகவோ மின்வழியாகவோ கொடுங்கள். கிரயப் பத்திரத்தில் ஒவ்வொரு தவணையின் தேதி, தொகை, பரிமாற்ற எண், கணக்கின் வகை எல்லாம் எழுதப்பட வேண்டும். விற்பவர் இந்தியாவில் வசிப்பவராக இருந்து, விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால், ஒரு விழுக்காட்டைப் பிடித்து வரியாகக் கட்ட வேண்டியது வாங்குபவரான நீங்கள். விற்பவரும் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் பிடிக்க வேண்டிய விகிதம் மிக அதிகம். பணம் கொடுக்கும் முன்பே கணக்காளரைக் கேளுங்கள்.

தேக்காவில் உள்ள உரிமம் பெற்ற பணமாற்று நிலையங்களும் கைப்பேசிச் செயலிகளும் சட்டபூர்வமானவைதான். மாதாமாதம் அம்மாவுக்கு அனுப்ப அவை நல்லவை. இரு நாட்டின் கைப்பேசிப் பணமாற்று முறைகளையும் இணைத்து 2023 பிப்ரவரியில் தொடங்கிய பேநவ், யுபிஐ இணைப்பு இன்னும் எளிது. ஆனால் அதன் அளவு நாளுக்கு ஏறத்தாழ ஆயிரம் வெள்ளிதான், வீடு வாங்குவதற்கு உரியதல்ல. மற்ற நிறுவனங்களைப் பற்றி ஒரே பதிலாகச் சொல்ல மாட்டேன். சில நிறுவனங்கள் வழியாகப் போகும் பணம், அங்கே உள்ளூர்க் கணக்கிலிருந்து வந்ததுபோல் பதிவாகும். அப்போது வெளிநாட்டுப் பணம் என்ற சான்று வாங்குவது பெரும்பாடு. என் பெயரில் சான்று கிடைக்குமா, என்ஆர்இ கணக்கில் ஏறுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் பெரிய தொகையை அனுப்பாதீர்கள். விலையில் கிடைக்கும் சில நூறு வெள்ளியைவிட அந்தத் தாள் பெரியது.

தாளின் மதிப்பை எனக்குக் காட்டியவர் ஒரு பெரியவர். கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டு உழைத்தவர். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நீல நிற நெகிழிக் கோப்பைக் கொண்டுவந்து என் முன்னால் பிரித்தார். மதுரையில் வாங்கிய வீட்டை விற்றுவிட்டார், பணத்தை இங்கே கொண்டுவர வேண்டும். உள்ளே பன்னிரண்டு ரசீதுகள். வெப்பத்தாளில் அச்சானவை. எழுத்தெல்லாம் வெளிறிப்போய், சிலவற்றில் முத்திரையின் ஊதா வட்டம் மட்டும் மிச்சம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் படித்தோம். தொகை தெரிந்த நான்கு ரசீதுகளிலும் நோக்கம் என்ற இடத்தில் "குடும்பச் செலவு" என்று இருந்தது. பெறுபவர் பெயர் அவருடையது அல்ல, தம்பியுடையது. வீடு மட்டும் அவர் பெயரில். "என் வியர்வைப் பணம் தம்பி, நான் எங்கேயும் திருடவில்லையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது முழு உண்மை. அதை நிரூபிக்கத்தான் ஒரு தாளும் இல்லை. கடைசியில் என்ஆர்ஓ கணக்கு வழியாக, கணக்காளர் சான்றோடு பணம் வந்து சேர ஏழு மாதம் ஆயிற்று. அன்றிலிருந்து, என் முன்னால் வந்து உட்காரும் எல்லாரிடமும் நகல் எடுத்து வையுங்கள் என்று சொல்லாமல் அனுப்பியதில்லை.

உங்கள் கடைசி வரிக்கான பதில் இதில்தான் இருக்கிறது. என்ஆர்இ கணக்கிலிருந்தோ வெளிநாட்டிலிருந்து நேராக வந்த பணத்திலிருந்தோ வாங்கிய வீட்டை விற்றால், நீங்கள் அன்று கொடுத்த தொகை அளவுக்குத் தடையின்றித் திரும்பக் கொண்டுவரலாம். குடியிருப்பு வீடு என்றால் இந்த வசதி இரண்டு வீடுகளுக்கு. அதற்கு மேல் கிடைத்த லாபம் என்ஆர்ஓ கணக்கில் சேரும். அங்கிருந்து ஒரு நிதியாண்டுக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர்வரை, வரி கட்டி, பட்டயக் கணக்காளர் சான்றோடு வெளியே அனுப்பலாம். ஆகவே உங்கள் அளவுத் தொகைக்கு இரண்டு கதவும் போதும். ஆனால் முதல் கதவு ஒழுங்காகத் திறக்கும், இரண்டாவதைத் தள்ளித் திறக்க வேண்டும். வரியைப் பொறுத்தவரை, 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 விழுக்காடும் அதன் மேல்வரிகளும். 2024 ஜூலை 23 முதல் இதுதான் விகிதம். வாங்குபவர் பல நேரங்களில் லாபத்துக்கு அல்ல, முழு விலைக்கும் வரியைப் பிடித்துவிடுவார். குறைந்த விகிதச் சான்றை வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே வாங்கினால் அதைத் தவிர்க்கலாம்.

இதனால்தான், "பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டுவோம், மீதியைக் கையில் கொடுங்கள்" என்று விற்பவர் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள் என்கிறேன். 90 லட்சம் கொடுத்துப் பத்திரத்தில் 55 லட்சம் எழுதினால், நீங்கள் திரும்பக் கொண்டுவரக்கூடிய அசல் 55 தான். மீதி 35 லட்சம், விற்கும்போது உங்கள் லாபமாக மாறி வரியும் கேட்கும். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என்று பார்த்து மிச்சம் பிடிக்க நினைப்பது உங்கள் நிலையில் இருப்பவருக்குப் பெரிய நட்டம்.

கையெழுத்துக்கு நேரில் போக முடியாவிட்டால் அண்ணனுக்கு அதிகாரப் பத்திரம் கொடுக்கலாம். இங்கே நோட்டரி முன் கையெழுத்திட்டு, சிங்கப்பூர்ச் சட்டக் கழகத்தில் அப்போஸ்டில் சான்று, அதாவது வேறு நாட்டில் ஏற்றுக்கொள்ளப்படும் சான்று, பெறலாம். 2021 செப்டம்பர் 16 முதல் இந்த வசதி இருக்கிறது. கிரேஞ்ச் ரோட்டில் உள்ள இந்தியத் தூதரகத்திலும் கையெழுத்தைச் சான்றளிப்பார்கள். இந்தியாவில் அது கைக்குக் கிடைத்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அந்த ஒரு சொத்துக்கு மட்டும், வாங்குவதற்கு மட்டும் என்று எழுதச் சொல்லுங்கள். பணம் அண்ணன் கணக்கு வழியாகப் போக வேண்டாம். உங்கள் அண்ணனை நான் சந்தேகிக்கவில்லை. அந்த மதுரைக்காரரின் தம்பியும் நல்லவர்தான்.

அடுத்த வாரம் கொடுக்கப்போகும் முன்பணம் அண்ணனின் சொந்தப் பணமா, நீங்கள் முன்பு அனுப்பியதா என்று எழுதவில்லை. எதுவாக இருந்தாலும், உங்கள் பெயரில் ஒப்பந்தம் போட இப்போது அட்டையும் இல்லை, வீவகக் காலமும் முடியவில்லை. இன்றிரவே அவரைக் கூப்பிட்டுப் பேசி, கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.